ஹீட்டருக்கு மூன்று முட்டை

இந்த வருஷம் மச்சினி வீட்டுக்குச் சொன்ன தேதியில் போவதில்லை என்று வெண்டெல் ஹஃப் சபதம் எடுத்தபோது அவர் வாயில் பல் தேய்க்கும் பிரஷ் இருந்தது. சபதம் நுரையோடு வந்தது. நல்லதாகப் போயிற்று. தெளிவாக வந்திருந்தால், இரண்டடி தள்ளிக் கட்டிலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்த ஆர்லீன் காதில் விழுந்திருக்கும். சக்கரம் வைத்த வீடான மோட்டார்ஹோமில் குடித்தனம் நடத்துகிற புருஷனுக்கு மனசுக்குள் ஒரு ரகசியம் வைத்துக்கொள்ளக்கூட இடம் பற்றாது.

ஆர்லீன் முப்பது வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவள். பின்னால் எந்தப் பிள்ளை எந்தப் பிள்ளையின் தலைமயிரை இழுக்கிறது என்பதைத் திரும்பிப் பார்க்காமலே கண்ணாடியில் பிடித்துவிடுவாள். வெண்டெல் தபால் ஆபீசில் முத்திரை குத்தியவர். இருவரும் ஓய்வு பெற்றதும், அயோவாவில் இருந்த வீட்டை விற்று மோட்டார்ஹோம் வாங்கினார்கள். பனிக்காலம் முழுக்க அரிசோனா பாலைவனத்தில் ‘கள்ளி நிழல்’ என்ற வண்டிப் பேட்டையில் வாசம். கள்ளிக்கு நிழல் கிடையாது என்பதைப் பேர் வைத்தவன் யோசிக்கவில்லை. அந்தப் பேட்டையில் யாருக்கும் பேரும் இல்லை, நம்பர்தான். ஹஃப் தம்பதி நாற்பத்திரண்டு. பக்கத்து வண்டி ஹேங்க் நாற்பத்து மூன்று. “நாப்பத்தி மூணுக்கு மூட்டு வலியாம்” என்றால் எல்லாருக்கும் புரியும்.

வெயில் ஏறத் தொடங்கியதும் ஒரு வியாழக்கிழமை கிளம்பி நெப்ராஸ்காவில் இருக்கும் ஆர்லீனின் தங்கை மார்ஜீன் வீட்டுக்குப் போய் மூன்று வாரம் தங்குவது வழக்கம். மார்ஜீன் நல்லவள். அவள் புருஷன் லைலும் நல்லவர்தான். ஆனால் அவர் முள்கம்பி சேர்ப்பவர். வேலியில் கட்டுகிற அதே முள்கம்பி. சாண் நீளத்துக்கு வெட்டிப் பலகையில் அடித்து, கீழே பெயரும் வருஷமும் எழுதி, வீட்டின் நிலவறை முழுக்க மாட்டியிருந்தார். ஒரு துண்டுக்கு அரைமணி நேரம் விளக்குவார். வெண்டெல் நின்றுகொண்டே தூங்கப் பழகியது அந்த நிலவறையில்தான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். இந்த வருஷம்தான் லாடம் குறுக்கே வந்தது. மண்ணில் நட்ட இரும்புக் கம்பியை நோக்கிக் குதிரை லாடத்தை எறிகிற போட்டி. கம்பியைச் சுற்றி விழுந்தால் அன்று சாயங்காலம் முழுக்க அதைப் பற்றியே பேசலாம். வருஷா வருஷம் முதல் சுற்றிலேயே கைகுலுக்கிவிட்டு வந்து உட்கார்ந்த வெண்டெல், இந்த முறை எதிராளிகளுக்குச் சளி, முதுகுப் பிடிப்பு, பேரப்பிள்ளை பிறப்பு என்று ஒவ்வொன்றாக வந்ததில் அரையிறுதியையும் தாண்டிவிட்டார். இறுதி ஆட்டம் ஹேங்க்கோடு. சனிக்கிழமை. அதாவது கிளம்ப வேண்டிய வியாழக்கிழமைக்கு இரண்டு நாள் கழித்து.

பெண்டாட்டியிடம் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். பயந்த புருஷனுக்குத்தான் திட்டங்கள் தோன்றும்.

அந்தத் திட்டத்துக்கு மூன்று முட்டை தேவைப்பட்டது. ஆர்லீன் துணி துவைக்கப் போயிருந்த நேரம், ஃபிரிட்ஜில் இருந்த கடைசி மூன்று முட்டையையும் எடுத்து ஒரு காலுறையில் போட்டு, வண்டியின் அடிப்பெட்டியில் வெயில் சுடும் மூலையாகப் பார்த்து ஒளித்தார். ஆர்லீன் திரும்பி வந்து கொஞ்ச நேரத்தில் சமையல் மேடையிலிருந்து குரல் வந்தது.

“வெண்டெல், முட்டை எங்க?”

“சாப்பிட்டுட்டேன்.”

“மூணுமா?”

“பசி.”

“முட்டையே கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே.”

“அதான் உன்கிட்ட சொல்லல.”

ஆர்லீன் ஃபிரிட்ஜ் கதவை மெல்லச் சாத்தினாள். அவள் முழங்கை வரை ஏன் மாவு ஒட்டியிருக்கிறது என்று கேட்க வெண்டெலுக்குத் தோன்றவில்லை. தப்பித்தால் போதும் என்றிருந்தது.

வண்டியில் வாழ்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். வெந்நீரில் அழுகின முட்டை வாடை வந்தால் ஹீட்டருக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். உள்ளே உப்பு படிந்திருக்கும், பூச்சி பிடித்திருக்கும், ஆனோடு கம்பி தேய்ந்திருக்கும். ஆனோடு கம்பி என்பது தொட்டி துருப்பிடிக்காமல் இருக்கத் தான் அரிபட்டுச் சாகிற கம்பி. வெண்டெலுக்கு அந்தக் கம்பி மேல் எப்போதுமே ஒரு பாசம் உண்டு. உடம்பு சரியில்லாத ஹீட்டரோடு யாரும் நான்கு மாநிலம் தாண்டிப் போகமாட்டார்கள். திட்டத்தில் ஓட்டையே கிடையாது.

ஒரு வாரம் வெயிலில் ஊறிய முட்டைகளைத் திங்கட்கிழமை விடியலில் எடுத்தார். ஹீட்டர் இருப்பது வண்டியின் வெளிப்பக்கம், ஒரு சின்னக் கதவுக்குப் பின்னால். அதைத் திறந்து ஒரு முட்டையைத் தகர மூடியில் உடைத்து உள்ளே தள்ளினார். உடைத்ததும் அவருக்கே கண்ணில் தண்ணீர் வந்தது. மிச்ச இரண்டையும், தேவைப்பட்டால் உடைக்கலாம் என்று, புகைக்குழாய்க்குப் பின்னால் காலுறையோடு செருகி வைத்தார்.

ஆர்லீன் எழுந்தாள். மூக்கைச் சுளித்தாள்.

“என்ன இது நாத்தம்?”

“என்ன நாத்தம்?”

“உனக்கு மூக்கு இருக்கா இல்லையா?”

வெண்டெல் காற்றை மோந்து பார்த்தார். முகத்தில் கவலையை வரவழைத்தார். “அடடா. ஹீட்டர்.”

ஆர்லீன் வெந்நீர்க் குழாயைத் திறந்து, உள்ளங்கையில் ஏந்தி மோந்தாள். “தண்ணி நல்லாத்தான் இருக்கு.”

“அது ஆரம்ப கட்டம். முதல்ல காத்துல வரும். அப்புறம்தான் தண்ணிக்கு இறங்கும்.”

“அப்படியா?”

“அப்படித்தான்.”

ஆர்லீன் அவரைப் பார்த்தாள். பஸ் கண்ணாடியில் பார்க்கிற பார்வை.

“அப்போ வியாழக்கிழமை கிளம்ப முடியாதா?”

“எனக்கும் மனசு கேக்கல, ஆர்லீன். பாவம் லைல், எவ்வளவு ஆசையா காத்துக்கிட்டு இருப்பாரு. ஆனா நடுவழில ஏதாவது ஆச்சுன்னா?”

“சரி, கண்ணு” என்றாள் ஆர்லீன்.

நாற்பது வருஷ தாம்பத்தியத்தில் ஆர்லீன் ‘கண்ணு’ என்று கூப்பிட்டதெல்லாம் ஏதோ ஒன்று அவர் தலையில் விழுவதற்குச் சற்று முன்புதான்.

“அப்போ நீயே கழட்டிச் சுத்தம் பண்ணிடு.”

“நானா? அதுக்கு மெக்கானிக் வரணும். பீனிக்ஸ்லேர்ந்து வரணும். அடுத்த வாரம்தான் வருவான்.”

“கேட்டியா?”

“கேக்காமலே தெரியும்.”

“எதுக்கு பீனிக்ஸ்? நீ வெளியே போய் அந்தக் கதவைத் திற. மத்தது தானா நடக்கும்.”

அவள் சொன்னது உண்மை. வண்டிப் பேட்டையில் ஒருவன் தன் வண்டியின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, இடுப்பில் கையை வைத்து “ம்” என்று சொன்னால் போதும். மடக்கு நாற்காலியும் காபிக் கோப்பையுமாக ஆண்கள் வந்து சேர்ந்துவிடுவார்கள். செத்த வீட்டுக்குக்கூட அவ்வளவு சீக்கிரம் கூட்டம் வராது. முட்டைகளை முதலில் அப்புறப்படுத்திவிடலாம் என்று வெண்டெல் ஓடினார். கதவில் கை வைத்தபோதே பின்னால் நாற்காலி விரியும் சத்தம் கேட்டது.

“ஹீட்டரா?” என்றார் ஹேங்க், கோப்பையை ஊதிக்கொண்டே.

அவருக்குப் பின்னால் ஓய்வு பெற்ற பல் டாக்டர் பிளம். அவருக்குப் பின்னால் பதினேழு, இருபத்தொன்று, ஐம்பத்தாறு.

“ஒண்ணுமில்ல, சும்மா பாத்தேன்” என்றார் வெண்டெல்.

“இந்த வாடை சும்மா இல்லப்பா. கம்பி போயிடுச்சு. கழட்டணும்.”

“கழட்டலாம். அந்த அளவுக்கு பாக்ஸ் ஸ்பேனர் இல்லையே.”

ஐந்து பாக்ஸ் ஸ்பேனர் வந்தது.

“ஸ்பேனர் இருந்து என்ன, புதுக் கம்பி வேணுமே. இந்த மாடலுக்குக் கிடைக்காது.”

பல் டாக்டர் பிளம் மேல்கோட்டின் உள்பையிலிருந்து ஒரு புதுக் கம்பியை எடுத்தார். அதை எதற்குக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு திரிகிறார் என்று யாரும் கேட்கவில்லை.

“மரையில சுத்துற டேப்?”

டேப் வந்தது.

“எனக்கு முதுகு வேற...”

முதுகுக்கு ஒரு தலையணை வந்தது. நல்லவர்கள் நடுவில் வாழ்வதைப் போல ஒரு தொல்லை கிடையாது.

“தண்ணியைத் திறந்து விடுறதுக்கு முன்னாடி அடுப்பு எரியுதான்னு பாத்துடுவோம்” என்றார் ஹேங்க். “ஆர்லீன், உள்ளே சுவிட்சைப் போடும்மா.”

“வேண்டாம்” என்றார் வெண்டெல்.

“இதோ போட்டுட்டேன்” என்றாள் ஆர்லீன்.

உள்ளே குப்பென்று நெருப்பு பிடித்தது. புகைக்குழாய் சூடேறியது. வெண்டெல் மெல்லப் பின்னால் நகர்ந்தார். எல்லாரும் பொறுமையாக முன்னால் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது முதல் முட்டை வெடித்தது. நிமிர்வதற்குள் இரண்டாவதும் வெடித்தது.

பதினேழாம் நம்பர் நாற்காலியோடு சாய்ந்தார். ஹேங்க் தரையில் குப்புற விழுந்து தலையைக் கையால் மூடிக்கொண்டார். வெண்டெலின் மூக்குக் கண்ணாடி இரண்டும் மஞ்சள். பேட்டை முழுக்க நாய்கள் குரைத்தன. வாடை எவ்வளவு மோசம் என்றால், மூன்று வரிசை தள்ளி யாரோ ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்டது. ஆர்லீன் உள்ளே சுவிட்சை அணைத்தாள்.

முதலில் எழுந்தது பல் டாக்டர் பிளம். வெண்டெலின் சட்டையிலிருந்து ஒரு வெள்ளைத் துணுக்கை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

“சுண்ணாம்பு” என்றார். “எத்தனை வாயில பாத்திருக்கேன். உப்புத் தண்ணி படிஞ்சு படிஞ்சு ஓடு மாதிரி ஆயிடுச்சு.”

“இந்த மஞ்சள்?” என்றார் ஹேங்க், தரையிலிருந்தே.

“கந்தகம்.”

“பக்கத்துல காலுறை மாதிரி ஏதோ கெடக்கே.”

“அது பாசி” என்றார் வெண்டெல் அவசரமாக. காலால் அதை வண்டிக்கு அடியில் தள்ளினார்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லா வண்டிக்கும் ஒரே கிணற்றுத் தண்ணீர். நாற்பத்திரண்டின் ஹீட்டர் வெடித்தால் நாற்பத்து மூன்றின் ஹீட்டர் எத்தனை நாள் தாங்கும்? அதற்குள் பெண்கள் வந்துவிட்டார்கள். முன்னால் ஹேங்க்கின் மனைவி டாட்டி.

“என் தலைமாட்டுலதான் ஹீட்டர் இருக்கு. இதைச் சுத்தம் பண்ணாம இன்னைக்கு நான் படுக்க மாட்டேன்” என்றாள் டாட்டி.

“பண்றேன்” என்றார் ஹேங்க். ஆனால் எழுந்திருக்கவில்லை.

“நீ பண்ண வேண்டாம். வெடிக்கும்போது கிட்ட நின்னும் ஒண்ணும் ஆகாதவர் ஒருத்தர் இருக்காரே.”

“எங்க வெண்டெல் எல்லாருக்கும் பண்ணிக் குடுப்பார்” என்றாள் ஆர்லீன், வண்டிப் படியில் நின்றபடி. “என்ன கண்ணு?”

முட்டையும் கையுமாக நிற்கிறவன் என்ன பதில் சொல்ல முடியும்? சரி என்றார். அப்போதும் மூளை ஒன்றை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. வியாழக்கிழமையைத் தாண்ட வேண்டும். சட்டென்று ஒரு யோசனை வந்தது.

“ஆனா இதை அவசரப்பட்டுப் பண்ணக் கூடாது” என்றார் தொண்டையைச் செருமி. “தண்ணியை வடிச்சு, கம்பியைக் கழட்டி, உள்ளே வினிகர் ஊத்தி அஞ்சு நாள் ஊற வைக்கணும்.”

“அஞ்சு நாளா? நான் ஒரு பொழுதுதான் ஊற வைப்பேன்” என்றார் ஹேங்க்.

“அதனாலதான் எல்லாருக்கும் வெடிக்கப் போகுது. அஞ்சு நாள். குறையவும் கூடாது, கூடவும் கூடாது. கூடிப்போச்சுன்னா வினிகர் தொட்டியையே தின்னுடும்.”

“இன்னைக்கு திங்கள்” என்றாள் ஆர்லீன்.

“ஆமா, இன்னைக்கு திங்கள்” என்றார் வெண்டெல் வெற்றியோடு. “வியாழக்கிழமை கிளம்பவே முடியாது. என்ன பண்றது, ஆர்லீன்.”

“என்ன பண்றது” என்றாள் ஆர்லீனும்.

அன்று மாலைக்குள் வெண்டெல் பேட்டையில் பாதி ஹீட்டர்களின் வயிற்றைத் திறந்துவிட்டார். கேஸை மூடி, சூடு ஆற விட்டு, மேல் வால்வைத் தூக்கிக் காற்று வாங்க வைத்து, அடியில் இருக்கிற கம்பியைத் திருகிக் கழற்ற வேண்டும். கடைசி மரை கழன்றதும் தண்ணீர் மடை திறந்ததுபோல் சட்டைக்குள் பாயும். பிறகு வெள்ளை வெள்ளையாக உப்புக் கட்டி கொட்டும். கழன்ற கம்பிகள் கோழி கொத்திய சோளக்கதிர் போல அங்கங்கே அரிபட்டு வந்தன. டாட்டி ஊறுகாய்க்கு வைத்திருந்த வினிகரையெல்லாம் வாளி வாளியாகக் கொண்டுவந்தாள். மற்றவர்கள் ஊரில் இருந்த கடைகளைக் காலி செய்தார்கள். பேட்டையில் வெந்நீர் நின்றது. குளிக்கப் பொதுக் குளியலறைக்கு வரிசை கட்டினார்கள். எல்லாருக்கும் தலைமயிரில் வினிகர் வாடை. யாரும் குறை சொல்லவில்லை. உயிர் தப்பிய சந்தோஷம்.

வியாழக்கிழமை வந்தது, போயிற்று. நாற்பத்திரண்டு நகரவில்லை. வெண்டெல் காலையில் ஒரு பாட்டு பாடினார். லாடங்களைத் துணியால் துடைத்தார். தன் புத்தியை நினைத்துத் தனக்கே பெருமையாக இருந்தது. வெள்ளிக்கிழமை சாப்பாட்டின்போது ஆர்லீன் பேச்செடுத்தாள்.

“நாளைக்கு மத்தியானம் அஞ்சு நாள் முடியுதில்ல?”

வெண்டெலின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

“மத்தியானம்தான் நீ ஒவ்வொரு வண்டியா வடிக்க ஆரம்பிக்கணும். குறையவும் கூடாது, கூடவும் கூடாது.”

“மத்தியானம் ஃபைனல்.”

“ஐயோ, ஆமாம்ல” என்றாள் ஆர்லீன். ஆச்சரியம் அவள் குரலில் இருந்தது. முகத்தில் இல்லை.

“அவங்கவங்களே வடிச்சுக்கட்டும்.”

“வெடிச்சா?”

“வெடிக்காது.”

“எப்படித் தெரியும், கண்ணு?”

எப்படித் தெரியும் என்பதுதான் சொல்ல முடியாத விஷயம்.

“அப்போ ஒரு நாள் தள்ளி வடிக்கலாம்.”

“தொட்டியைத் தின்னுடும்னு நீதானே சொன்ன? டாட்டி அதைக் கேட்டதுலேர்ந்து தினமும் மூணு தடவை தொட்டியைத் தட்டிப் பாக்குறா.”

“அப்போ என் ஃபைனல்?”

“போட்டிப் பலகைல உன் பேரு எங்க இருக்கு? நாப்பத்திரண்டுன்னுதான் எழுதியிருக்கு. நான் போய் உனக்குப் பதிலா எறிஞ்சுட்டு வரேன்.”

வெண்டெல் சிரித்துவிட்டார். சீசன் தொடக்கத்தில் ஆர்லீன் அந்தப் போட்டிக்குத் தானும் பேர் கொடுக்கட்டுமா என்று கேட்டதும், “லாடம் கனம், தோள் போயிடும், ஒரு நம்பருக்கு ஒரு ஆள்தான்” என்று இவர் சொன்னதும் ஞாபகம் வந்தது. அன்றும் “சரி, கண்ணு” என்றுதான் துணிக்கூடையை எடுத்துக்கொண்டு போனாள். அன்றிலிருந்து தினமும் துணி துவைக்கப் போகிறாள். இரண்டு பேர் உடுத்தும் துணி தினமும் அவ்வளவு அழுக்காகுமா என்று வெண்டெல் ஒரு நாளும் யோசித்ததில்லை. சட்டை சுத்தமாக வந்தது, அதோடு சரி.

சனிக்கிழமை மத்தியானம் பேட்டை மொத்தமும் மைதானத்தில் இருந்தது. வெண்டெல் மட்டும் பதினேழாம் நம்பருக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். ஐந்து நாள் ஊறிய வினிகர் காதுக்குள் இறங்கியது. தூரத்தில் டங் என்று ஒரு சத்தம். லாடம் கம்பியில் விழுகிற சத்தம். கூட்டம் ஆரவாரித்தது.

“யாருக்கு?” என்று கத்தினார். பதில் சொல்ல ஆளில்லை.

இருபத்தொன்றுக்கு நகர்ந்தார். குழாயை உள்ளே விட்டுக் கழுவினார். டங். ஐம்பத்தாறு. புதுக் கம்பியில் டேப் சுற்றினார். டங். ஹேங்க் அவ்வளவு நன்றாக எறிபவர் இல்லையே என்று நினைத்தார். நாற்பத்து மூன்றுக்கு வந்து, ஹேங்க்கின் ஹீட்டரைத் திறந்து, அதிலிருந்து கொட்டின கடைசி உப்புக் கட்டியை மூக்கில் வாங்கிக்கொண்டிருந்தபோது, டங் டங் என்று இரண்டு சத்தம் சேர்ந்து கேட்டது. பிறகு எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

“நாப்பத்திரண்டு. நாப்பத்திரண்டு.”

ஒரு கணம், வினிகரில் ஊறிக் கிடந்த அந்த நிலையிலும், வெண்டெல் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக் கையை உயர்த்தினார்.

ஆட்டம் முடிந்து ஆர்லீன் வந்தபோது ஜெயித்த பரிசுக் கோப்பை அவள் இடுப்பில் இருந்தது. அதை ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி கண்ணாடியோரம் வைத்தாள். வெண்டெல் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார்.

“எங்க கத்துக்கிட்ட?”

“துணி துவைக்கிற இடத்துக்குப் பின்னால ஒரு பழைய கம்பி நட்டிருக்கு. மெஷின் ஓடுற வரைக்கும் சும்மா உக்காந்து என்ன பண்றது?”

“என்கிட்ட சொல்லியிருந்தா அடுத்த வருஷம் உன் பேரைக் குடுத்திருப்பேனே.”

“இந்த வருஷமே கேட்டேனே, வெண்டெல்.”

அவருக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரம் கோப்பையைப் பார்த்தார். அழகான கோப்பைதான்.

“முட்டை விஷயம் தெரியுமா?” என்றார் கடைசியில்.

“முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன்.”

“எல்லார்கிட்டயும் சொல்லிட்டியா?”

“சொல்லல. பாவம், எல்லாருக்கும் ஹீட்டர் சுத்தமாச்சு.”

வெண்டெலுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. ஆட்டம் போனாலும் திட்டம் ஜெயித்ததே என்று மனசைத் தேற்றிக்கொண்டார். “எது எப்படியோ, ஆர்லீன், அந்த வியாழக்கிழமைப் பயணத்தை நிறுத்தினது நான்தான். நான் நிறுத்தலைன்னா உனக்கும் கோப்பை கெடச்சிருக்காது.”

“எந்த வியாழக்கிழமை?” என்றாள் ஆர்லீன். “நீ அரையிறுதில ஜெயிச்சு வந்தியே, அன்னைக்கு சாயங்காலமே மார்ஜீனுக்கு ஃபோன் பண்ணிட்டேன். அவருக்கு ஃபைனல் இருக்கு, ஆடி முடிச்சுட்டு ஞாயித்துக்கிழமைதான் கிளம்புவோம்னு.”

வெண்டெல் துண்டைக் கீழே விட்டார்.

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லத்தான் இருந்தேன். கேக் சுட்டு, மேல சர்க்கரையால ஒரு லாடம் போட்டு, உன் முன்னால வச்சுட்டு சொல்லலாம்னு. மாவை அளந்தேன், வெண்ணெயை உருக்கினேன், முட்டை எடுக்கக் கதவைத் திறந்தேன்.”